ஒரு மாற்றுக் குறைந்த பாராட்டு

டாக்டர் ஹபீபுர் ரஹ்மான் அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய மெமோ சுத்தமாக டைப் செய்யப்பட்டிருக்கிறது. இடது பக்கம் விட வேண்டிய இடத்தை விட்டிருக்கிறார்கள். பத்தி பிரித்ததும் சரியாக இருக்கிறது. என்னைச் சஸ்பெண்ட் செய்த பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் தொழில் தெரிந்தவர் என்பதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

மெமோ ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. பதிலை நான் தமிழில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் நான் தப்பித்துவிடுவேன். 'தப்பு' என்பதற்கு அந்த பாஷையில் எனக்குப் பதினாலு வார்த்தை தெரியும். 'லாப்ஸ்' என்று ஒன்று, கை நழுவி டம்ளர் விழுந்த மாதிரி. 'ஓவர்சைட்' என்று ஒன்று, கண்ணில் படவில்லை, பாவம் என்கிற மாதிரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, 'ரிக்ரெட்' என்று முடித்தால், படித்துவிட்டு நீங்களே எனக்கு ஆறுதல் சொல்ல வந்துவிடுவீர்கள். தமிழில் எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.

மெமோவில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. ஸ்ரீரங்கன் என்ற மாணவனுக்காக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் போன சிபாரிசுக் கடிதங்களில், அப்போதைய துறைத்தலைவருக்குத் தெரியாமல் நான் வாசகத்தை மாற்றினேனா? மாற்றினேன். இரண்டு வருஷமும் மாற்றினேன். இதோடு நிறுத்திக்கொண்டாலும் உங்கள் கோப்பை மூடிவிடலாம். ஆனால் இருபத்தெட்டு வருஷம் இந்தத் துறையில் டைப்பிஸ்டாக இருந்தவன் ஒரு மெமோவுக்கு ஒற்றை வார்த்தையில் பதில் கொடுத்தால் அது மரியாதையாக இருக்காது. தவிர, நீங்கள் கேட்டிருப்பது சின்ன விஷயம்.

நீங்கள் போன ஜூனில்தான் வந்தீர்கள். அதற்கு முன்னால், பிள்ளைகள் வி.ஆர். சார் என்று சொல்லும் வெங்கடரமணன் சார் காலத்தில் இந்தக் கடிதங்கள் எப்படித் தயாராகும் என்று உங்களுக்குத் தெரியாது. டிசம்பர் வந்தால் சபாக்களில் கச்சேரி நடக்கிறதோ இல்லையோ, நம் கல்லூரியில் அமெரிக்கா சீசன் ஆரம்பித்துவிடும். கடைசி வருஷப் பிள்ளைகள் பாதிப் பேர் கையில் ஃபாரத்தோடு வராந்தாவில் நிற்பார்கள். கபாலிக்கும் வேளாங்கண்ணி மாதாவுக்கும் அந்த மாதத்தில் ஒரே வேண்டுதல்தான் போகும். ஒரு பிள்ளைக்கு மூன்று பேராசிரியர்கள் சிபாரிசு எழுத வேண்டும். மூன்று பேருக்கும் நேரம் கிடையாது. சார் என்னைக் கூப்பிட்டுச் சொல்வார்.

"ஓய் பிரகாசம், பசங்க டிராஃப்ட் எழுதிண்டு வருவா. நீர் பார்த்து நாலு நல்ல வார்த்தையாப் போட்டு அடிச்சுண்டு வாரும். நான் கையெழுத்துப் போட்டுடறேன். எனக்கு அட்ஜெக்டிவ்னாலே அலர்ஜி."

தன்னைப் பற்றித் தானே புகழ்ந்து எழுதிக்கொண்டு வருவான் பையன். அதை நான் பேராசிரியர் பாஷைக்கு மாற்றுவேன். அவர் கையெழுத்துப் போடுவார். அமெரிக்காவில் ஒரு வெள்ளைக்காரர் அதைப் படித்துவிட்டு, இந்தியாவில் ஒரு பெரிய மனிதர் தன் மாணவனைப் பற்றி இப்படி மனம் உருகியிருக்கிறாரே என்று நினைப்பார். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லாக் கல்லூரியிலும் இதுதான் வழக்கம்.

எண்பத்தொன்பதில் ஒரு சம்பவம் நடந்தது. அந்த வருஷத்து முதல் மாணவனுக்கு நான் மனசாரக் கடிதம் அடித்தேன். ஒபீடியன்ட், சின்ஸியர், நல்ல குடும்பம், கடவுள் பக்தி. நம் ஊரில் ஒரு பையனைப் பற்றி இதைவிட என்ன சொல்ல வேண்டும்? ஒரு மாதம் கழித்து அங்கேயிருந்து ஒரு பேராசிரியர் சாருக்குத் தனியாக எழுதினார். பையனின் பழக்கவழக்கத்தைப் பற்றி விவரமாகத் தெரிந்துகொண்டோம், அவனுக்குப் பாடம் ஏதாவது தெரியுமா என்று கேட்டிருந்தார். சார் அதைப் படித்து வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு என்னிடம் தூக்கிப் போட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டவரிடம், குணம் தங்கம் என்று பதில் சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் என்ன புரிந்துகொள்வார்கள்? நான் வருஷக்கணக்காக அந்தப் பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த வாரமே லஸ் நடைபாதையில் பழைய புஸ்தகம் விற்கும் கரீமுல்லாவிடம் தெசாரஸ், அதாவது இணைச்சொல் அகராதி ஒன்று வாங்கினேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா நைனா இது? ஒரே வார்த்தைய இருவது தபா எய்தி வச்சிக்கீறான். வெள்ளக்காரனுக்கு வேற வேல இல்ல போலக்கீது."

"ஒண்ணே மாதிரி தெரியும் பாய். ஒண்ணு இல்ல. நீ போலீஸ்காரரை ஏட்டய்யான்னும் சொல்றே, மாமான்னும் சொல்றே. ரெண்டும் ஒண்ணா?"

"அதெப்டி? மாமான்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா லாடம் கட்டிடுவான்."

"அவ்வளவுதான் இந்தப் புஸ்தகம்."

அதற்குப் பிறகு எட்டு வருஷம் என் கையால் போன பிள்ளைகளை நீங்கள் கணக்கெடுத்துப் பார்க்கலாம். அறுபதுக்குக் குறையாது. வராந்தாவில் எனக்கு 'அமெரிக்கா பிரகாசம்' என்றே பெயர். எங்கள் பங்குச் சாமியாருடைய அண்ணன் மகன்கூட என் கடிதத்தால்தான் ஒஹாயோவில் இருக்கிறான். அதனால்தான் இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை. அவர் முன்னால் போய் மண்டியிட்டால் எழுப்பி உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுப்பார்.

தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன், உங்களுக்கு உபயோகப்படும். அந்த ஊரில் யாரும் யாரையும் திட்டி எழுதுவதில்லை. எல்லாமே பாராட்டுதான். தங்கத்தில் மாற்றுப் பார்ப்பதுபோல் பாராட்டில் மாற்றுப் பார்ப்பார்கள். பிரில்லியன்ட் என்றால் மேதை, கூப்பிடு அவனை. இன்டெலிஜென்ட் என்றால் புத்திசாலி, வரட்டும். கிளெவர் என்றால் கெட்டிக்காரன், கொஞ்சம் பார்த்து வைத்துக்கொள். டிலிஜென்ட் என்றால் பாவம், ராப்பகலாகப் படிக்கிறான், மண்டையில் ஏறவில்லை. காம்பிடன்ட் என்றால் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, கூப்பிடவும் ஒன்றுமில்லை. அகராதியைப் பார்த்தால் ஐந்துமே நல்ல வார்த்தைகள். நான் என் வாழ்நாளில் ஒரு பிள்ளையைப் பற்றியும் கெட்ட வார்த்தை டைப் செய்ததில்லை. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஸ்ரீரங்கனுக்கு வருகிறேன். தி.நகர்ப் பையன், நல்ல பையன். மோட்டார் சைக்கிளில் வருவான். தொண்ணூற்றைந்தில் தன் டிராஃப்டை என் மேஜைமேல் வைத்து, "அங்கிள், வேர்ட்ஸ் எல்லாம் நாங்களே பார்த்துப் பார்த்துப் போட்டாச்சு. நீங்க ஜஸ்ட் அடிச்சாப் போறும்" என்றான். அதில் பிரில்லியன்ட் என்று இருந்த இடத்தில் கிளெவர் என்று போட்டேன். ஆர்டிகுலேட், அதாவது கோர்வையாகப் பேசத் தெரிந்தவன் என்று இருந்த இடத்தில் அவுட்ஸ்போக்கன் என்று போட்டேன். மனசில் பட்டதைப் பட்டென்று சொல்பவன். நம் ஊர்க் கணக்கில் வாயை மூடத் தெரியாதவன். பையன் எங்கேயும் போகவில்லை.

அவன் அப்பா தன் புகாரில், இது ஒரு டைப்பிஸ்டின் அற்பப் பழிவாங்கல் என்று எழுதியிருக்கிறார். நீங்களும் அப்படி நினைத்தால் எனக்கு வசதிதான். அற்பமானவன் என்ற பெயரோடு ஓய்வு பெற எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அது காரணம் இல்லை. 'ஜஸ்ட் அடிச்சாப் போறும்' என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் கலிஃபோர்னியாவில் வீடு வாங்கிவிட்டான்.

ஸ்ரீரங்கன் என் மகளோடு படித்தவன். அதுதான் காரணம்.

என் மகள் டெல்பினை உங்களுக்குத் தெரியும். அவள் அம்மா மர்சலின் தொண்ணூற்றிரண்டில் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு மந்தைவெளி வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் ஒரே பஸ்ஸில் அடையாறு பாலத்தைத் தாண்டி வருவோம், அவள் வகுப்புக்கு, நான் ஆபீஸுக்கு. மத்தியானம் ஒரே டிபன் கேரியரைப் பிரித்துச் சாப்பிடுவோம். நான் குறையாகச் சொல்ல ஒன்றுமில்லாத வாழ்க்கை.

தொண்ணூற்றைந்தில் ஜி.ஆர்.இ. பரீட்சைக்காக ஸ்ரீரங்கன் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தான். நீங்கள் நினைக்கிற மாதிரி காதல் கீதல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் நான் விரலை அசைத்திருக்க வேண்டாம். ஐயங்கார் வீடும் எங்கள் சர்ச் பங்கும் சேர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அட்டைகளைப் பரப்பி வார்த்தை மனப்பாடம் செய்வார்கள்.

"ஃப்ரூகல்?" என்பாள் இவள்.

"ஸ்டிஞ்சி."

"திரிஃப்டி?"

"அதுவும் ஸ்டிஞ்சிதான்டி. பார்சிமோனியஸும் ஸ்டிஞ்சி. எல்லாத்துக்கும் ஒரே ஆன்சர், விடு."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். திரிஃப்டி என்றால் சிக்கனம், ஸ்டிஞ்சி என்றால் கஞ்சத்தனம். மர்சலின் சிக்கனம். அவள் அண்ணன் கஞ்சன். இரண்டு பேர் கையாலும் சாப்பிட்டவன் நான், எனக்கு வித்தியாசம் தெரியும். இந்தப் பிள்ளைகள் மூவாயிரத்து ஐந்நூறு வார்த்தையைச் சமன் குறி போட்டு விழுங்கினார்கள், பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேலே வந்தார்கள், ஒரு வார்த்தையின் வாசனைகூடத் தெரியவில்லை. இவர்களை நம்பி ஒரு தேசத்துக்கு அனுப்புவதா என்று நினைத்துக்கொண்டேன். அப்போதைக்கு அது எனக்கு ஒரு நியாயமான கவலையாகவே பட்டது.

டெல்பின் தன் டிராஃப்டை என்னிடம் கொடுக்கவில்லை. எழுதவே இல்லை. "உங்களைவிட யாருப்பா நல்லா எழுதப் போறாங்க" என்று சொல்லிவிட்டாள். சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். அவர் அப்படிச் செய்கிற வழக்கமில்லை.

"ஓய், உம்ம பொண்ணு மாதிரி ஒருத்திய இருபது வருஷத்துல நான் பார்த்ததில்ல. மோட்டார் சத்தத்தைக் கேட்டே எங்க பழுதுன்னு கண்டுபிடிக்கற மாதிரி ஒண்ணு பண்ணியிருக்காளே, அது அவளாப் பண்ணினது. நான் ஒரு வார்த்தை சொல்லித் தரலை. நான் சொன்னதை அப்படியே எழுதும். உம்ம பொண்ணாச்சேன்னு கூச்சப்படாதீர்."

நான் கூச்சப்பட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். சில நாள் நானே நம்பினேன். அன்று மத்தியானம் அவள் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு மெஷினில் காகிதத்தைச் சொருகினேன். டிலிஜென்ட். ப்ளெசன்ட். ஒபீடியன்ட். வருகை தொண்ணூற்றெட்டு சதவீதம். கொடுத்த புராஜெக்டைக் குறித்த நாளில் முடித்தாள். கடைசியாக, கையெழுத்து மணி மணியாக இருக்கும் என்று ஒரு வரி. ஒரு எஞ்சினியரைப் பற்றி அதைவிடப் பெரிய அவதூறு கிடையாது. ஆனால் அவள் கையெழுத்து மணி மணியாகத்தான் இருக்கும். மற்ற இரண்டு பேராசிரியர்கள் பேரிலும் அடித்தேன். மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமென்று மூன்று விதமாக அடித்தேன்.

சார் பேனாவைத் திறந்துகொண்டே மேலாகப் பார்த்தார். "பேஷ், ஒபீடியன்ட்னு போட்டிருக்கீரே, அது ரொம்ப முக்கியம்" என்று கையெழுத்துப் போட்டார். எட்டுப் பல்கலைக்கழகம், இருபத்துநாலு கவர். ஒட்டிய இடத்துக்கு மேலே கையெழுத்துப் போட்டு மூடி அனுப்ப வேண்டும், மாணவர் திறந்து பார்க்கக் கூடாது. டெல்பின் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, நான் கடிதத்தை மடித்து உள்ளே வைத்துக் கொடுத்த ஒவ்வொரு கவருக்கும் பசை தடவி, ஓரத்தை விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள். ஓரம் பிரிந்தால் தள்ளிவிடுவார்களாம். பிசிறை நறுக்க நான் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச்சில் பதில் வந்தது. இடம் கிடைத்தால் கனமான கவர், இல்லையென்றால் மெல்லிசு. எட்டும் மெல்லிசு. ஒவ்வொன்று வந்தபோதும் அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாள். அந்தக் கோடையில் எங்கள் தெருவில் தண்ணீர்க் கஷ்டம். இப்படி வீணாகிறதே என்று எனக்கு ஒரு தடவை தோன்றியது. அழுது முடித்து முகம் கழுவி வந்து ரசம் வைப்பாள். அந்த மாதத்தில் நான் மூன்று கிலோ ஏறினேன். கல்லூரி டிஸ்பென்சரி சீட்டில் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம்.

எட்டாவது கவர் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெசன்ட் நகர் கூட்டிக்கொண்டு போனேன். கோயிலில் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றினோம். அவள் அடுத்த வருஷத்துக்காக வேண்டிக்கொண்டாள். நான் நன்றி சொன்னேன். பிறகு கடற்கரையில் சுண்டல் வாங்கிக் கொடுத்து, "அவனுங்களுக்கு உன் அருமை தெரியலம்மா" என்றேன். நடிப்பு இல்லை. அந்தப் பேராசிரியர்கள்மீது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. மூன்று காகிதத்தைப் பார்த்து ஒரு பெண்ணை எடை போடுவார்களா?

அடுத்த வருஷம் இரண்டு பேரும் மறுபடி விண்ணப்பித்தார்கள். இந்த இடத்தில்தான் ஸ்ரீரங்கன் வருகிறான், நீங்கள் கேட்ட கேள்வியும் வருகிறது. அவனுக்குக் கிடைத்து, இவளுக்குக் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? அவன் அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, இப்படிச் செய், அப்படிச் செய், அந்தப் பேராசிரியரைப் பார் என்று எழுதுவான். அதுகூடப் பரவாயில்லை. தனியாகத் தோற்றால் பிள்ளை மனசு ஒடிந்துவிடும். கூட ஒருவன் தோற்றால், சரி, நம் பேட்ச்சுக்கே நேரம் சரியில்லை என்று தேற்றிக்கொள்வாள். அந்த எண்ணம் எனக்கு முதல் வருஷமே இருந்தது. அதனால் இரண்டு வருஷமும் அவனுக்கும் சேர்த்து எழுதினேன். அவன்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இப்போது ஹோசூரில் பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறான் என்று கேள்வி. நல்ல சீதோஷ்ணம்.

மறுபடி எட்டு மெல்லிசுக் கவர். இந்தத் தடவை குழாய் திறக்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் ஆவரேஜ்தான்பா. வி.ஆர். சார் எல்லாம் பாசத்துல ஏதோ சொல்லியிருக்காங்க. எனக்கு இப்பதான் புரியுது."

"ஆவரேஜ்னு சொல்லாதம்மா. காம்பிடன்ட்னு சொல்லு" என்றேன்.

அவள் தலையாட்டினாள். புராஜெக்ட் நோட்டுகளைக் கட்டிப் பரண்மேல் போட்டாள். தி.நகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வகுப்பு எடுக்கப் போனாள். ஆறரைக்கு வீடு வந்துவிடுவாள். மோட்டார் சத்தம் கேட்டால் தலையைச் சாய்த்துக் கவனிக்கிற பழக்கம் ஒன்று அவளுக்கு இருந்தது. எதிர்வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடும்போதுகூட, பேரிங் போகப்போகுது என்பாள், மறு வாரம் போகும். அது எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. நின்றுவிட்டது.

போன ஜனவரியில் நடந்த கருத்தரங்கு உங்கள் ஏற்பாடு. பழைய மாணவர்களைக் கூப்பிட்டீர்கள், அவளும் வந்தாள். அமெரிக்கப் பேராசிரியர் பேசி முடித்ததும் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். அவர் டீ இடைவேளையில் அவளைத் தேடி வந்து, ஏன் எங்களிடம் படிக்க வரவில்லை என்றாராம். இரண்டு தடவை கேட்டேன், நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள் என்றாளாம். இன்னொரு தடவை எழுது, என் பேருக்கே எழுது என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் புதுக் கடிதம் கேட்டு உங்களிடம் வந்தாள். நீங்கள் நல்ல எண்ணத்தில் பீரோவைத் திறந்து, வெங்கடரமணன் சார் என்ன எழுதியிருக்கிறார் என்று பார் என்று பழைய கார்பன் காப்பிகளை அவள் கையில் கொடுத்தீர்கள். நீங்கள் செய்தது தவறு இல்லை. மாணவர் பார்க்கக் கூடாது என்று கவரில்தான் எழுதியிருக்கிறது, பீரோவில் எழுதவில்லை.

கார்பன் காப்பியின் அடியில் இடது மூலையில், சொன்னவர் பெயரெழுத்தும் அடித்தவர் பெயரெழுத்தும் போட வேண்டும் என்பது டைப்பிங்கில் முறை. வி.ஆர்., சாய்கோடு, பி. ஆறு காகிதத்திலும் நான் அதைப் போட்டிருந்தேன். மற்ற இரண்டு பேராசிரியர்கள் பேரில் அடித்ததிலும் அந்த 'பி' இருந்தது. முறையை விட்டு வேலை செய்து எனக்குப் பழக்கமில்லை.

நான் அடுத்த அறையில் சாக்பீஸ் கேட்டு இண்டென்ட் அடித்துக்கொண்டிருந்தேன். வந்து என் மேஜைக்கு எதிரே நின்றாள்.

"அப்பா, வி.ஆர். சார் என்னைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையா?"

"சொன்னார்மா."

"என்ன சொன்னார்?"

சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னதிலிருந்து அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு மனப்பாடம். இருபது வருஷத்தில் பார்த்ததில்லை என்ற இடம் வந்ததும், "இன்னொரு தடவை சொல்லுங்கப்பா" என்றாள். இன்னொரு தடவை சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் முகம் அப்போது நன்றாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருஷத்தில் நான் பார்க்காத முகம். பிறகு போய்விட்டாள். நான் வீட்டுக்குப் போனபோது சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. அவள் துணி இல்லை. பரணிலிருந்த கட்டு இல்லை.

ஏன் செய்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டால் சொல்வேன். அந்தக் குளிரில் ஒரு பெண் தனியாக என்ன செய்வாள்? காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்காகத்தான் பயந்தேன். இந்த நாலு மாதமாக நானே கஞ்சி வைத்துக்கொள்கிறேன், அது வேறு விஷயம்.

ஸ்ரீரங்கனுக்கு விவரத்தைச் சொன்னது அவள்தான். அவன் காப்பியும் அதே பீரோவில்தான் இருந்தது. அவன் அப்பா புகார் கொடுத்தார். என் மகள் கொடுக்கவில்லை. அதனால் என்னை மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவள் இப்போது சிந்தாதிரிப்பேட்டையில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக அங்கே போவேன். மாடியில் அவள் துணி காய்ந்துகொண்டிருக்கும். வார்டன் அம்மா வெளியே வந்து, டெல்பின் இல்லை என்பார். பரவாயில்லை, வந்தேன் என்று சொல்லுங்கள் என்பேன். பதினேழு ஞாயிறு ஆகிவிட்டது. வேலை அதிகம் போலிருக்கிறது.

என்மீது நீங்கள் எடுக்கும் நடவடிக்கை எதுவானாலும் எனக்குச் சம்மதம். இந்தக் கடிதத்தையே முழு ஒப்புதலாக வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வேண்டுகோள். அவளுக்கான புதுச் சிபாரிசை நீங்களே எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். நீங்கள் பெரிய எஞ்சினியர், ஆனால் இந்த நடை ஒரு தனித் தொழில். ஆகவே ஒரு டிராஃப்ட் அடித்து இத்துடன் இணைத்திருக்கிறேன். பிரில்லியன்ட் என்று போட்டிருக்கிறேன். ஒரிஜினல் என்று போட்டிருக்கிறேன். இருபது வருஷத்தில் இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை என்று வெங்கடரமணன் சார் சொன்னதை, ஒரு வார்த்தை குறைக்காமல், மூன்று வருஷம் தாமதமாக, அப்படியே போட்டிருக்கிறேன். கையெழுத்தைப் பற்றி எதுவும் இல்லை. நீங்கள் படித்துப் பார்த்துக் கையொப்பம் இட்டால் போதும்.

முடிவில் ஒரே ஒரு வரி மட்டும் நானாகச் சேர்த்தது. இந்தப் பெண் தன் தகப்பனை விட்டுப் பிரிந்து இருக்க முடியாதவள், படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வீடு திரும்பக்கூடும் என்ற வரி. தயவுசெய்து அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். மேலே உள்ளதெல்லாம் மற்றவர்கள் அவளைப் பற்றிச் சொன்னது. இது அவளைப் பெற்றவனுக்கு மட்டுமே தெரிந்த உண்மை.

இப்படிக்கு,
பிரகாசம்